அண்ணன் விட்டுப்போன மூன்று லென்ஸ்கள்

போன வருடம் பொங்கல் முடிந்த மறுவாரம் பிரான்சிலிருந்து அண்ணன் மகள் வந்திருந்தாள். அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, பெரியப்பா மகன். எனக்கு நாலு வயது மூத்தவர். அவர் காலமாகி அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் கொண்டு வந்ததை எடுத்துக் கொடுத்து முடித்தபிறகு, கடைசியாக ஒரு பிஸ்கட் டப்பாவை என் கையில் வைத்தாள்.

"சித்தப்பா, இது உங்களுக்குன்னு அப்பா எடுத்து வெச்சிருந்தது."

தகர டப்பா. கனமாக இருந்தது. திறந்து பார்த்தால் மூன்று பழைய கேமரா லென்ஸ்கள், ஒவ்வொன்றும் ஒரு கம்பளிக் காலுறைக்குள். ஒவ்வொரு காலுறைக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம். அண்ணனின் சாய்ந்த கையெழுத்தில், பிரெஞ்சில், "தம்பியின் பென்டாக்ஸுக்கு?" என்று எழுதி, கீழே மாதமும் வருடமும். முதல் காகிதத்தில் 1988. கடைசிக் காகிதத்தில் 1996. மூன்றிலும் அந்தக் கேள்விக்குறி இருந்தது.

நான் ஒன்றும் பேசவில்லை. டப்பாவை மூடி பீரோவில் வைத்தேன். ஏன் பேசவில்லை என்பதற்கு ஒரு நாற்பது வருடக் கதை இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு அதில் பாதி சொல்லாமலே புரியும்.

பெரியப்பா சொல்தா. சைகோனில் இருந்தவர். 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் அமலுக்கு வந்து, எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்களே, அப்போது பெரியப்பா வீட்டில் பிரான்சுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் அப்பா போடவில்லை. ஒரே தெரு, ஒரே திண்ணை, ஒரே பள்ளிக்கூடம். எனக்கு அப்போது 13 வயது. இரண்டு வருடம் கழித்து அண்ணன் கப்பல் ஏறினார், அவரும் பட்டாளத்தில் சேர்ந்தார். நான் இங்கேயே படித்து, பிரெஞ்சு தெரிந்த குமாஸ்தா வேண்டும் என்றபோது அரசாங்க வேலைக்குப் போனேன். எங்கள் இருவருக்கும் கடிதம் எழுதச் சுலபமாக வந்த மொழி பிரெஞ்சுதான். "மோன் ஷேர் ஃப்ரேர்" என்றுதான் அவர் தொடங்குவார். நேரில் பார்த்தால் தமிழ், தபாலில் பிரெஞ்சு.

1978-இல் லீவில் வந்தபோது அண்ணன் எனக்கு ஒரு கேமரா கொண்டுவந்தார். பென்டாக்ஸ் கே 1000. வந்து இரண்டே வருடம் ஆன மாடல். "தம்பி, இதுல பேட்டரி வெளிச்சம் பார்க்கிற முள்ளுக்கு மட்டும்தான். பேட்டரி செத்தாலும் கேமரா சாகாது" என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு நொடியிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வரை எல்லா வேகமும் ஸ்பிரிங்கிலேயே ஓடும். என் சம்பளத்தில் அப்படி ஒரு பொருளை நினைத்துப் பார்க்கவே முடியாது. தங்கையின் கல்யாணத்தை அதில்தான் எடுத்தேன். ஊட்டியில் செய்த இந்து பிலிம் போட்டு, கறுப்பு வெள்ளையில்.

1983 மழைக்காலம் முடிந்து, ஒருநாள் கேமராவை எடுத்துப் பார்க்கிறேன், லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல். பூஞ்சை. தோல் உறையோடு, துணிகளுக்கு நடுவில், பாச்சை உருண்டை போட்டு ஐந்து மாதம் பத்திரமாக வைத்திருந்தேன். அந்தப் பத்திரம்தான் கெடுத்தது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம் ஊர்க் கடல் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாச்சை உருண்டைக்குப் பூச்சி பயப்படும், பூஞ்சை பயப்படாது. கடைக்காரர் விளக்கில் காட்டிவிட்டு, "கண்ணாடி மேல இருக்கிற பூச்சையே அரிச்சிடுச்சு சார். கழுவினாலும் பழையபடி வராது" என்றார்.

அலுவலகத்தில் என் வேலையே பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளை ஈரம் படாமல் பார்த்துக்கொள்வது. நூறு வருடக் காகிதத்தைக் காப்பாற்றியவனுக்கு அண்ணன் கொடுத்த லென்ஸைக் காப்பாற்றத் தெரியவில்லை. இதை அவருக்கு எழுத வெட்கமாக இருந்தது. அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று தள்ளினேன். அவரோ ஒவ்வொரு கடிதத்திலும், "படம் எடுக்கிறாயா?" என்று கேட்பார். "எடுக்கிறேன் அண்ணா" என்று எழுதுவேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். நானும் அப்பாடா என்று இருந்துவிட்டேன்.

இப்போது அந்த டப்பா. லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த தம்பிக்கு எதற்கு மூன்று லென்ஸ் வாங்கினார்?

அண்ணன் மகள் ஊருக்குத் திரும்பியபின், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கேமராவையும் டப்பாவையும் மேசைமேல் வைத்து உட்கார்ந்தேன். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று போட்டதும் முள் எழுந்தது. லென்ஸ்களைத்தான் பொருத்த முடியவில்லை. கே 1000-இன் வாய், லென்ஸை நுழைத்துக் கொஞ்சம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் வகை. அண்ணன் வாங்கியதில் இரண்டு, மறை வைத்துத் திருகும் வகை. மூன்றாவது வேறு ஏதோ பூட்டு. பேரன் உதவியோடு கைப்பேசியில் தேடி, ஒவ்வொன்றாக அடையாளம் கண்டேன்.

ஒன்று, ஹீலியோஸ் 44-2. சோவியத் தயாரிப்பு, 58 மில்லிமீட்டர். ஜெனித் கேமராவில் வந்தது. ஜெர்மனியின் பழைய ஜைஸ் பயோட்டாரைப் பார்த்துச் செய்தது.

இரண்டாவது, அதுவும் ரஷ்யா. ஜூபிட்டர் 8. 50 மில்லிமீட்டர். லைக்கா மாதிரிச் செய்த ஜோர்க்கி கேமராவுக்கானது.

மூன்றாவதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஆன்ஜெனியூ, 35 மில்லிமீட்டர், ரெட்ரோஃபோக்கஸ். பியேர் ஆன்ஜெனியூ என்ற பிரெஞ்சுக்காரர் 1950-இல் வெளியிட்டது. 1964-இல் ரேஞ்சர் 7 விண்கலம் நிலாவை நெருங்கிப் படம் எடுத்தபோது அதில் இருந்ததும் இவர் கம்பெனியின் லென்ஸ்தான். நம் டப்பாவில் இருந்தது, கிழக்கு ஜெர்மனியில் செய்த எக்ஸாக்டா கேமராவுக்கான பூட்டோடு வந்த ஒன்று.

பாரிஸுக்குப் பக்கத்தில் பியேவ்ர் என்ற ஊரில் வருடா வருடம் பழைய கேமராச் சந்தை கூடும். அண்ணன் அங்கே போவார் என்று தெரியும். போய், தம்பியின் கேமராவுக்குச் சேருமா சேராதா என்று தெரியாமலே, குத்துமதிப்பாக வாங்கியிருக்கிறார். அதற்குத்தான் அந்தக் கேள்விக்குறி.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய லென்ஸை வேறு கேமராவில் மாட்ட முடியுமா என்பதை மறை தீர்மானிப்பதில்லை. தூரம் தீர்மானிக்கிறது. லென்ஸ் உட்காரும் உலோக வளையத்திலிருந்து உள்ளே பிலிம் இருக்கும் இடம் வரைக்கும் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு தூரம் வைத்திருக்கிறார்கள். ஹீலியோஸ் மாதிரி 42 மில்லிமீட்டர் திருகு லென்ஸ்களுக்கு அது 45.46 மில்லிமீட்டர். எக்ஸாக்டாவுக்கு 44.7. லைக்கா வகைக்கு 28.8. லென்ஸ் அந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் தொலைவில் இருப்பது தெளிவாக விழும். அதைவிட முன்னால் தள்ளி உட்கார்ந்தால் கிட்டத்தில் இருப்பது மட்டும்தான் தெளியும்.

பென்டாக்ஸ் கம்பெனி 1975-இல் திருகு முறையை விட்டு இந்தப் பூட்டு முறைக்கு மாறியபோது, வாயை மாற்றினார்களே தவிர தூரத்தை மாற்றவில்லை. அதே 45.46. பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன வளையம் போட்டு அதையே புதுக் கேமராவிலும் பயன்படுத்தலாம். ஆகவே ஹீலியோஸ் சேரும். எக்ஸாக்டா லென்ஸ் முக்கால் மில்லிமீட்டர் உள்ளே போய் உட்கார வேண்டும், அதற்கு இடம் இல்லை. ஜூபிட்டர் 16 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். அங்கே கண்ணாடி மேலும் கீழும் அடித்துக்கொண்டிருக்கும்.

மூன்றில் ஒன்று தேறியதே என்று, சென்னையில் சொல்லி ஒரு வளையம் தபாலில் வரவழைத்தேன். விலை மலிவு. திருகினேன், மாட்டினேன், உட்கார்ந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் குர் ஷப்ரோலுக்கு எடுத்துப் போனேன். பீச் ரோடு என்றால்தான் இப்போது தெரியும். தெற்குக் கோடியில் துய்ப்ளே சிலை அருகில் நின்று பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்தேன். லென்ஸை முடிவிலிக் குறி வரை திருப்பியும் விளக்கம் மங்கலாகவே தெரிந்தது. பக்கத்தில் வந்த நாய் மட்டும் மீசை உட்படத் தெளிவாகத் தெரிந்தது.

எனக்கு லென்ஸ் மேல் சந்தேகமே வரவில்லை. கண் மேல்தான் வந்தது. இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவை செய்துகொண்டவன். வீட்டுக்கு வந்து, "கண்ணு போச்சு" என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரமே கண் டாக்டரிடம் போனேன். அவர் எல்லா எழுத்தையும் படிக்கச் சொல்லிவிட்டு, "உங்க வயசுக்கு என் பார்வையைவிட உங்க பார்வை நல்லாருக்கு சார்" என்று சிரித்தார். வீட்டில் மனைவியைக் கேமரா வழியாக எதிர்வீட்டு மாடியைப் பார்க்கச் சொன்னேன். "ஏங்க, எனக்கும் மங்கலாத்தான் தெரியுது. இதுக்கா டாக்டர்கிட்ட போனீங்க?" என்றாள்.

பிறகு ஒரு பழைய உத்தி ஞாபகம் வந்தது. பிலிம் போடாமல் கேமராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் பட்டர் பேப்பர் ஒரு துண்டு ஒட்டி, வேகத்தை பி-யில் வைத்து அழுத்திப் பிடித்தால், லென்ஸ் காட்டும் உருவம் தலைகீழாக அந்தக் காகிதத்தில் விழும். மறுநாள் காலை மறுபடி துய்ப்ளே சிலை. தலைமேல் கறுப்புத் துணி போர்த்துக்கொண்டு குனிந்திருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த நண்பர் ஒருவர், என்னமோ ஏதோ என்று ஓடிவந்து தோளைத் தொட்டார். காகிதத்தில் கலங்கரை விளக்கம் தலைகீழாக, ஊறிய அப்பளம் மாதிரி விழுந்திருந்தது. காகிதத்துக்குக் கண்புரை இல்லையே. கோளாறு வளையத்தில்தான்.

நெல்லித்தோப்பில் லேத் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த பையன் வெர்னியர் வைத்து அளந்து பார்த்தான். வளையத்துக்கு வெளியே ஒரு விளிம்பு விட்டிருந்தார்கள். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர். அவ்வளவுதான். அந்த ஒரு மில்லிமீட்டர் லென்ஸை முன்னால் தள்ளிவிட்டது. 58 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அந்தத் தள்ளலில் ஏறக்குறைய மூன்றரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது. நாய் தெரிந்து விளக்கம் தெரியாமல் போனது இப்படித்தான்.

பென்டாக்ஸ் கம்பெனி செய்த அசல் வளையத்தில் விளிம்பு கிடையாது. முழுவதும் கேமராவின் வாய்க்குள்ளேயே அடங்கி உட்காரும். கழற்ற வேண்டுமானால் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்கை ஊசி முனையால் அழுத்தித் திருப்ப வேண்டும். கொஞ்சம் எரிச்சல் பிடித்த வேலை, ஆனால் தூரம் மாறாது. பழசில் ஒன்று கிடைக்க இரண்டு மாதம் ஆனது. மாட்டியதும் பட்டர் பேப்பரில் பார்த்தேன். கலங்கரை விளக்கத்தின் மாடக் கம்பிகளை எண்ணலாம் போல விழுந்தது.

இந்த லென்ஸில் படம் எடுக்கப் பொறுமை வேண்டும். துளையைச் சின்னதாக்க இரண்டு வளையம் இருக்கிறது. ஒன்றில் அளவைக் குறித்துக்கொண்டு, இன்னொன்றை முழுக்கத் திறந்து வெளிச்சத்தில் ஃபோக்கஸ் செய்து, பிறகு குறித்த அளவு வரை மூட வேண்டும். மூடியதும் உள்ளே இருட்டாகிவிடும். அந்த இருட்டில் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து வேகத்தை வைக்க வேண்டும். அதற்குள் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை முடித்துவிடுவார்கள். பிலிம் விற்கும் விலைக்கு அதுவும் நல்லதுதான். 36 படத்தை மூன்று மாதம் எடுத்தேன்.

ஆன்ஜெனியூவையும் விட மனசில்லை. கேமராவின் வாயில் கையால் ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். அந்த முக்கால் மில்லிமீட்டர் கணக்குப்படி ஒன்றரை மீட்டர் வரைக்கும்தான் அதனால் பார்க்க முடியும். கை நீட்டினால் தொடுகிற தூரம் தெளிவாக இருந்தது, அதற்கு அப்பால் எல்லாம் கரைந்துபோனது. ஜூபிட்டரைப் பேரன் எடுத்துக்கொண்டான். தபால்தலை பார்க்கப் பூதக்கண்ணாடி.

பிலிம் கழுவி வந்த அன்று இரவு அண்ணன் மகளுக்குப் போன் செய்தேன். படம் வந்த விஷயம் சொல்லிவிட்டு, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "உங்கப்பாகிட்ட நான் ஒரு பொய் சொல்லிட்டேம்மா. அந்தக் கேமராவோட லென்ஸ் 83-லயே கெட்டுப் போச்சு. எடுக்கிறேன் எடுக்கிறேன்னு எழுதிட்டே இருந்தேன்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமே சித்தப்பா" என்றாள்.

1987-இல் குடும்பத்தோடு வந்திருந்தபோது, நான் அலுவலகம் போயிருந்த நேரத்தில், மகளைப் படம் எடுக்கலாம் என்று அண்ணன் பீரோவிலிருந்து கேமராவை எடுத்திருக்கிறார். உறையைத் திறந்திருக்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அதே மாதிரி மூடி, அதே இடத்தில் வைத்துவிட்டாராம். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. "சித்தப்பாகிட்ட சொல்லாதே" என்று மட்டும் சொன்னாராம்.

முதல் துண்டுக் காகிதத்தில் 1988 என்று இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் கேட்பதை நிறுத்தியதும் அந்த வருடத்தில்தான்.

"அப்புறம் ஏம்மா அனுப்பலை?"

"நானும் கேட்டேன். கொடுத்தா, எனக்குத் தெரியும்னு தம்பிக்குத் தெரிஞ்சுடும், அவனே ஒருநாள் சொல்லட்டும், அப்போ கொடுக்கலாம்னு சொல்வாரு."

முப்பத்தைந்து வருடம் நான் சொல்லவில்லை. அவரும் கொடுக்கவில்லை. வருடத்துக்கு நாலு கடிதம் என்று வைத்தாலும் எத்தனை கடிதம்! உடம்பு, பிள்ளைகள், பென்ஷன், மழை என்று எல்லாம் எழுதினோம். ஒரு வரி எழுதியிருந்தால் மூன்று லென்ஸும் அவர் கையாலேயே வந்திருக்கும். எது சேரும், எது சேராது என்று இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருப்போம். துய்ப்ளே சிலையருகே நான் துணி போர்த்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு கேமரா இருக்கலாம். இன்றே எடுத்து டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். தோல் உறையிலிருந்து வெளியே எடுத்து, மூடி இறுக்கமாக உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீல நிறம் மாறினால் சூடு காட்டிக் காயவைத்து மறுபடி போடலாம். மாதம் ஒருமுறையாவது வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அந்தச் சுருளில் கடைசிப் படம், பெரியப்பா வீட்டுத் திண்ணை. வீடு கைமாறிவிட்டது, திண்ணை மட்டும் மாறவில்லை. இப்போது அங்கே இருப்பவர்களிடம் கேட்டு, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று எடுத்தேன். தூரம் பத்து மீட்டர் இருக்கும். தெளிவாக விழுந்திருந்தது. இரண்டு பிரதி போட்டு ஒன்றை அண்ணன் மகளுக்கு அனுப்பினேன், அடுத்த முறை கல்லறைக்குப் போகும்போது எடுத்துப் போகச் சொல்லி. பின்பக்கத்தில் பிரெஞ்சில் இரண்டு வரி எழுதினேன். "அண்ணா, லென்ஸ் 1983-இல் கெட்டுவிட்டது. ஹீலியோஸ் சேர்ந்தது." கேள்விக்குறி போடவில்லை.